இன்றைய அருவி நிலவரம்

சன்னதித் தெரு, தென்காசி
10.03.2025

குற்றாலம் தென்கால் விடுதியின் உரிமையாளரும் என் பெரியப்பாவின் மகனுமாகிய மதிப்பிற்குரிய பால்வண்ணநாதன் அண்ணாச்சி அவர்களுக்கு, முத்துவடிவு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் இடையே, தாங்கள் பதினொரு முறை என்னை அழைத்தீர்கள். பதினொன்றையும் ஒலிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது வருமுன் தங்கள் எண்ணைத் தடை செய்துவிட்டேன். நமக்கிடையே ஐந்து கிலோமீட்டர்தான் என்பதை நான் அறிவேன். ஆயினும் இனி எதைப் பேசுவதானாலும் எழுத்தில், கையொப்பத்துடன், பதிவுத் தபாலில் பேசுவோம். இம்முறையைத் தொடங்கிவைத்தவர் தாங்களே.

20.12.2024 அன்று விடுதியின் முகப்புத்தாளில் முத்திரை குத்தித் தாங்கள் எனக்கு அனுப்பிய உத்தரவில் இவ்வாறு கண்டிருந்தது: "நமது விடுதி வெப்சைட்டில் என் கையெழுத்து இல்லாமல் இனி ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது. வெந்நீரைப் பழையபடி வைக்கவும்." நான் செய்த குற்றம், இருபத்துநான்கு மணி நேரமும் வெந்நீர் உண்டு என்றிருந்த வாசகத்தை, காலை ஆறு முதல் எட்டு வரை வெந்நீர் கிடைக்கும் என்று திருத்தியது. விடுதியில் நடப்பது எதுவோ அதை எழுதினேன். உத்தரவு வந்ததும் பழைய பொய்யை அதன் இடத்தில் மீண்டும் ஏற்றினேன்.

அன்று முதல் தங்கள் சொல்லை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றி வருகிறேன். உத்தரவுக்கு முன்பே ஏற்றிவைத்த புத்தாண்டு வாழ்த்து தளத்தில் அப்படியே இருக்கிறது. வேலையை விட்டுத் துபாய்க்குப் போன மேலாளர் மகாராஜாவின் தொலைபேசி எண் இருக்கிறது. அறை கேட்டு விருந்தினர் நிரப்பும் படிவம் அவருடைய மின்னஞ்சலுக்கே இன்னும் போய்ச் சேருகிறது. அங்கே அவர் அதைத் திறந்து பார்க்கிறாரா என்பதை நான் அறியேன். 'இன்றைய அருவி நிலவரம்' என்ற தலைப்பின் கீழ், டிசம்பர் இருபதாம் தேதி காலையில் நான் எழுதிய வாசகமும் இருக்கிறது: "பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் மூன்றிலும் நீர் நிறைவாக விழுகிறது. குளிக்கத் தடை இல்லை." மார்ச் மாதத்துப் பேரருவிப் பாறை எப்படியிருக்கும் என்பதைத் தங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

சென்ற வைகாசியில் இத்தளத்திற்குத் திறப்பு விழா நடத்தினீர்கள். மடிக்கணினிக்குச் சந்தனப் பொட்டிட்டுச் சூடம் காட்டினீர்கள். ஒவ்வொரு வரியையும் எழுதியவள் நான். பொன்னாடை போர்த்தப்பட்டவர், வடிவமும் வண்ணமும் செய்துகொடுத்த திருநெல்வேலி நிறுவனத்தின் விஜயசங்கர். எனக்குப் பன்னீர்ச் செம்பைக் கொடுத்து வாசலில் நிற்கச் சொன்னீர்கள். நின்றேன். அதன்பின் ஏழு மாதம், ஒரு நாள் தவறாமல், காலை ஆறரை மணிக்கு அருவி நிலவரம் எழுதினேன். அதன் அடியில் என் பெயர் வர வேண்டும் என்று கேட்டபோது, வரவேற்பறையில் விருந்தினர் முன்னிலையில் தாங்கள் சொன்னது இது: "கட்டி முடிச்ச வீட்டுல கொத்தனார் பேரத் தெனமும் எழுதி வைப்பாவளாட்டி? போ, போய் சோலியப் பாரு." அனைவரும் சிரித்தார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அச்சகத்தில் தட்டச்சு செய்துகொண்டே, ஓய்ந்த நேரத்தில் நூலகத்தில் அமர்ந்து, இணையதளம் ஆக்கும் வித்தையை ஒருவரிடமும் கேளாமல் கற்றுக்கொண்டவள். அந்தச் சிரிப்பை மறக்கும் அளவுக்கு எனக்குக் கல்வி போதாது.

இப்படிக்கு,
முத்துவடிவு


தென்கால் விடுதி, குற்றாலம்
13.03.2025

தங்கச்சி முத்துவடிவுக்கு அண்ணன் பால்வண்ணநாதன் எழுதுதது.

மூணு மைல்ல இருக்க தங்கச்சிக்குப் பதிவுத் தபாலான்னு போஸ்ட் ஆபீஸ்ல சிரிக்கான். ஒனக்குக் கோட்டி புடிச்சிருக்குன்னு ஒங்க மைனி சொல்லுதா. நான் சொல்லல.

ஞாயித்துக்கிழம என்ன நடந்துன்னு தெரிஞ்சுக்கோ. தூத்துக்குடியில இருந்து இருபத்திரண்டு பொம்பளையாளுவ வேன் போட்டு வந்து இறங்கினாவ. எல்லாரும் ரிட்டயர்டு டீச்சர்மாரு. எண்ணெயத் தேச்சுக்கிட்டு பேரருவிக்குப் போனா அங்கன வெறும் பாறை. ஓரத்துல நூலு மாதிரி சொட்டுது. அப்படியே எண்ணெயோட திரும்பி வந்து வரவேற்புல நின்னு கேட்டாவ பாரு கேள்வி. என்னைய பெஞ்சு மேல ஏத்தாத குறை. "இன்னைக்குத் தேதி போட்டு எழுதியிருக்கீங்களே, உங்க அருவி எங்க சார்?"னு ஒருத்தி செல்லுல எடுத்துக் காட்டுதா. பாபநாசத்துக்குக் கூட்டிட்டுப் போய் அகத்தியர் அருவியில குளிக்க வச்சு அனுப்பினேன்.

கோவத்துல எழுதினத கோர்ட்டு ஆர்டர் மாதிரி தூக்கிட்டு அலையாத. இத்தோட கையெழுத்துப் போட்டு அனுமதி வச்சிருக்கேன். அருவி வரிய மாத்து. மகாராஜா நம்பர எடுத்துட்டு என் நம்பரப் போடு. வெந்நீர்ல மட்டும் கை வைக்காத.

பேரு விசயம் வேண்டாம். கல்லு சுமந்தவன், மண்ணு சுமந்தவன் எல்லாவன் பேரையும் எழுதினா வாசல்ல கதவு வைக்க இடம் இருக்காது. வெப்சைட்டு ஒருக்கா போட்டாச்சுன்னா போட்டாச்சு. அப்பப்ப ஒரு வரி மாத்துததுக்கு எதுக்குட்டி பேரு?

பால்வண்ணநாதன்


தென்காசி
18.03.2025

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

தாங்கள் கையொப்பமிட்ட அனுமதி கிடைத்தது. அதைப் பயன்படுத்தும் எண்ணம் எனக்கில்லை.

"போட்டாச்சுன்னா போட்டாச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். விடுதியைக் கட்டி முடித்த மறுநாள் தாங்கள் தண்ணீர்த் தொட்டியைக் கழுவாமலா விட்டீர்கள்? படுக்கை விரிப்பை ஓராண்டு மாற்றாமல் எந்த விருந்தினரையாவது படுக்கச் சொல்வீர்களா? தங்கள் விடுதிக்கு வருகிறவர்கள் வாசற்படியை மிதிக்குமுன் மிதிப்பது அந்தத் தளத்தைத்தான். அதை யார் பெருக்குவது, எப்போது பெருக்குவது என்று திறப்பு விழாவுக்கு ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்தேன். விழா அழைப்பிதழில் யார் பெயர் முதலில் வருவது என்று முடிவு செய்யவே தங்களுக்கு நேரம் போதவில்லை. நான் எழுதியதைத் தாங்கள் வாசிக்கவில்லை.

ஆகவே இப்போது வாசியுங்கள். அருவி நிலவரம் நாள்தோறும் காலை ஆறரைக்குள் எழுதப்பட வேண்டும். அருவியைக் கண்ணால் கண்டவரிடம் கேட்ட பிறகே எழுதப்பட வேண்டும். திங்கள்தோறும் நாமே ஒரு விருந்தினரைப் போல் படிவத்தை நிரப்பி அனுப்பி, அது உரியவரிடம் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். அறை வாடகை மாறினால் அன்றே மாற வேண்டும். தளம் முழுவதற்கும் மாதந்தோறும் ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும்; என்றாவது கெட்டுப்போனால் அதிலிருந்து மீட்கலாம். தளத்தின் முகவரியை ஆண்டுக்கொரு முறை, தவணை முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். இவ்வளவையும் ஓராள் செய்து வந்தாள். தாங்கள் அவளைக் கொத்தனார் என்றீர்கள்.

என் நிபந்தனை ஒன்றே. ஒவ்வொரு நாள் நிலவரத்தின் கீழும் என் பெயர் இருக்க வேண்டும். அதற்குத் தாங்கள் உடன்படும்வரை, தங்கள் டிசம்பர் உத்தரவே என் வேதம். சாரல் பருவம் தொடங்க இன்னும் எழுபது நாள் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் காலையில் தளத்தைத் திறந்து பார்க்கிறேன். அதைவிட நிறைவான காலைப் பொழுது எனக்கு வாய்த்ததில்லை.

முத்துவடிவு


குற்றாலம்
04.04.2025

முத்துவடிவு,

நலம் விசாரிக்க எழுதல.

நீ இல்லாட்டா ஆள் இல்லன்னு நெனச்சிருப்ப. திருநெல்வேலிக்குப் போனேன். விஜயசங்கர் அங்க இல்ல, பெங்களூருக்குப் போயிட்டான். புதுசா இருக்க பிள்ள சொல்லுது, "சார், செஞ்சு குடுத்ததோட எங்க வேல முடிஞ்சுது. அப்புறம் பாத்துக்கிடதுக்கு நீங்க ஒப்பந்தமே போடலயே." சரி, இப்பப் போடுவோம், அருவி நிலவரத்த நீ எழுதுன்னேன். "நான் தச்சநல்லூர்ல இருக்கேன் சார், அருவியில தண்ணி விழுதான்னு எனக்கு எப்படித் தெரியும்? அத விடுங்க, பாஸ்வேர்டு எங்ககிட்ட இல்ல, எழுதிட்டிருந்த உங்க வீட்டு அம்மாகிட்டதான் இருக்கு"ங்குது. வரும்போது மழை வேற. நனைஞ்சுக்கிட்டே வந்தேன்.

நான் ஒத்துக்கிடுதேன். போன ஆனி ஆடியில வந்த கூட்டத்துல பாதி அந்த அருவி வரியப் பாத்துட்டு வந்த கூட்டம். இந்த வருசம் அது இல்லன்னா மேல் மாடி பூட்டித்தான் கெடக்கும். புதுசா கட்டின மாடி அது, நீயும் பாத்திருக்க. சரி, அடியில சின்னதா பேரப் போட்டுக்கோ. போதுமா?

இன்னொண்ணு. நீ என்னையப் பழிவாங்குததா நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்க. அந்த டீச்சர்மார்ல ஒருத்தி, ரெபேக்காள்னு பேரு, விடுதி விலாசத்துக்கு ஒரு கடுதாசி போட்டிருந்தா. எனக்குத்தான்னு பிரிச்சுப் படிச்சேன். எனக்கு இல்ல. ஒனக்கு. மேல 'அருவி நிலவரம் எழுதுகிறவருக்கு'ன்னு போட்டிருக்கு. அப்படியே பாத்து எழுதியிருக்கேன், படிச்சுக்கோ:

"அம்மா அல்லது ஐயா, சென்ற நவம்பரில் நாங்கள் குற்றாலம் வருவதாக இருந்தோம். 'இன்று வெள்ளம். மூன்று அருவியிலும் தடை. தயவுசெய்து இன்று வர வேண்டாம்' என்று நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்துப் பயணத்தை நிறுத்தினோம். தன் விடுதிக்கு வருகிறவர்களை வராதே என்று சொல்ல ஒரு மனம் வேண்டும் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அதன்பின் ஒவ்வொரு நாளும் உங்கள் வரியை வாசித்தோம். அதை நம்பித்தான் மார்ச் மாதத்தில் கிளம்பினோம். மார்ச்சில் தண்ணீர் இருக்காது என்று பலர் சொல்லியும், உங்களைத்தான் நம்பினோம். எங்களில் ஒருத்திக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை நடந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவளைத் தாங்கித் தாங்கிப் பாறைவரை கூட்டிப் போனோம். விடுதிக்காரர் மீது எங்களுக்குக் கோபமில்லை, அவர் வியாபாரி. உங்கள் மீதுதான். உங்கள் பெயர் தெரியவில்லை. தெரிந்திருந்தால் பெயரைச் சொல்லித் திட்டியாவது மனம் ஆறியிருப்போம்."

படிச்சியா? வியாபாரி பொழச்சுக்கிட்டான். ஒன் எழுத்துதான் பொய் சொல்லியிருக்கு.

பால்வண்ணநாதன்


தென்காசி
09.04.2025

அண்ணாச்சி அவர்களுக்கு,

ரெபேக்காள் அம்மையார் கடிதத்தை எழுதிய நாளைத் தாங்கள் குறிப்பிடவில்லை. தூத்துக்குடித் தொலைபேசிப் புத்தகம், பள்ளி, தெரிந்தவர் என்று விசாரித்து அவரிடமே பேசினேன். மார்ச் பதினைந்தாம் தேதி தபாலில் சேர்த்தாராம். மூன்று வாரம் அதை மேசையில் பூட்டிவைத்து, என்னை அடிக்கத் தக்க சமயம் பார்த்திருந்து எடுத்திருக்கிறீர்கள். அடி விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. ஒரு வேலையையாவது தாங்கள் காலமறிந்து செய்ததற்காக மகிழ்கிறேன்.

அவரிடம் நான் யார் என்று சொல்லவில்லை. விடுதியிலிருந்து பேசுவதாகச் சொன்னேன். "அருவி நிலவரம் எழுதறவங்க நல்லா இருக்காங்களா? உடம்புக்கு எதுவும் முடியாமப் போயிருக்குமோன்னு இப்ப யோசிக்கிறோம். இல்லாட்டா அவங்க அப்படி எழுதற ஆளு இல்லையே" என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

தாங்கள் அறியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் பக்கத்தின் தலையில் அன்றன்றைய தேதி தானாகவே விழும்படி விஜயசங்கர் அமைத்திருந்தார். ஆகையால் டிசம்பர் வாசகம் ஒவ்வொரு விடியலிலும் அன்றுதான் எழுதப்பட்டதுபோல் நின்றது. அது எனக்குத் தெரியும். ஜனவரியில் தெரியும், பிப்ரவரியில் தெரியும். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அது பொய் சொல்வதைத் தினமும் பார்த்தேன். யாராவது நம்பி வருவார்கள், தங்கள் வாசலில் நின்று கத்துவார்கள், தாங்கள் தலைகுனிவீர்கள் என்று காத்திருந்தேன். கத்துகிறவர்களுக்கு முகம் இருக்கும் என்பதை மட்டும் நினைக்கவில்லை.

இக்கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இதிலும் சொல்ல வந்தது முழுதும் வரவில்லை. அருவி வாசகத்தை இன்று தளத்திலிருந்து எடுத்துவிட்டேன். அவ்விடம் வெறுமையாக இருக்கிறது. அங்கே என்ன எழுதுவதென்று தெரிந்ததும் தெரிவிப்பேன்.

முத்துவடிவு


குற்றாலம்
24.04.2025

தங்கச்சி முத்துவடிவுக்கு,

ஒன் கடுதாசி கெடச்சது. அழுது முடிச்சிருப்பன்னு நெனைக்கேன். விடு, நடந்தது நடந்துபோச்சு.

நானும் யோசிச்சுப் பாத்தேன். சின்னதா எதுக்கு, பெருசாவே போடுவோம். முன்பக்கத்துல ஒன் போட்டோ, கீழ 'தென்கால் விடுதியின் எழுத்தாளர் முத்துவடிவு'ன்னு. வாற வைகாசியில தளத்துக்கு ஒரு வருசம் ஆகுது, அதுக்கு ஒரு விழா வைப்போம். இந்தத் தடவ பொன்னாடை ஒனக்கு. பன்னீர்ச் செம்ப வேற யார்கிட்டயாவது குடுத்துக்கிடுவோம். ஒங்க மைனியும் சரின்னுட்டா.

ஒண்ணே ஒண்ணு, நடந்த பழைய கதையெல்லாம் வெளிய வர வேண்டாம். தூத்துக்குடிக்கு நான் ஒரு பெட்டி மாம்பழம் அனுப்பிட்டேன். அதோட முடிஞ்சுது. நீ நாளையில இருந்தே எழுத ஆரம்பி. வெந்நீர் இருக்கபடி இருக்கட்டும்.

பால்வண்ணநாதன்


தென்காசி
03.05.2025

அண்ணாச்சி அவர்களுக்கு,

நிழற்படமும் பொன்னாடையும் வேண்டாம். எழுத்தாளர் என்ற பட்டமும் வேண்டாம். வெறுமையாக இருந்த இடத்தில் என் பெயரை நானே இட்டுவிட்டேன். இன்று காலை ஆறரை மணி முதல் தளத்தைத் திறப்பவர்கள் முதலில் காண்பது இது:

"21.12.2024 முதல் 09.04.2025 வரை இவ்விடத்தில் இருந்த அருவி நிலவரம் பொய். அந்நாட்களில் இதற்காக அருவியை யாரும் பார்க்கவில்லை. எதையும் திருத்தக் கூடாது என்று உத்தரவிட்டவர் விடுதியின் உரிமையாளர் பால்வண்ணநாதன். திருத்தாவிட்டால் அவருக்குக் கேடு விளையும் என்று அறிந்து, அதை விரும்பி, விட்டுவைத்தவள் நான். இதை நம்பி வந்து ஏமாந்தவர்கள் எங்கள் இருவரையும் பெயர் சொல்லியே திட்டலாம். முத்துவடிவு, தென்காசி."

அதன் கீழே இன்றைய நிலவரம்: "பேரருவியில் நீர் இல்லை. ஐந்தருவியில் ஒரு கிளையில் மட்டும் கசிகிறது. குளிப்பதற்காக வர வேண்டாம்." அதன் அடியிலும் என் பெயர் இருக்கிறது. வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை. தொலைபேசி எண் தங்களுடையது. படிவத்தை நானே நிரப்பி அனுப்பிப் பார்த்தேன். 'சோதனை' என்ற பெயரில் தங்களுக்கு ஒரு விருந்தினர் வந்திருப்பார், அவருக்கு அறை ஒதுக்க வேண்டாம்.

இக்கடிதத்துடன் கடவுச்சொல்லை வைத்திருக்கிறேன். எனக்குப் பயந்து தாங்கள் எதையும் சகிக்க வேண்டியதில்லை. அறிவிப்பை அழிக்க விரும்பினால் எந்நேரமும் அழிக்கலாம். அழித்த நாளிலிருந்து நான் எழுத மாட்டேன், அவ்வளவே. அது நிற்கும்வரை நாள்தோறும் எழுதுவேன். புரட்டாசி வரை அது நிற்க வேண்டும் என்பது என் விருப்பம். சாரலுக்கு வருகிற ஒவ்வொருவரும் அதை வாசித்துவிட்டே தங்கள் வாசற்படி ஏற வேண்டும். நானும் அதே தண்டனையை ஏற்றிருக்கிறேன். ஆனால் நான் தென்காசியில் இருக்கிறேன், வரவேற்பறையில் அமர்ந்திருப்பவர் தாங்கள்.

ரெபேக்காள் அம்மையாருக்குத் தனியே எழுதினேன். பதில் வரவில்லை.

முத்துவடிவு


குற்றாலம்
12.06.2025

முத்துவடிவு,

நாலு தடவ அழிக்கணும்னு உக்காந்தேன். பாஸ்வேர்டப் போட்டு உள்ளயும் போயிட்டேன். அழிக்கல.

சாரல் நல்லா விழுது. மேல் மாடி நெறஞ்சிருக்கு. வாறவன் எல்லாம் அதப் படிச்சிட்டுத்தான் வாறான். சாவி வாங்கும்போது "நீங்கதான அந்த அண்ணாச்சி?"ங்கான். ஒருத்தன் என்கூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டான். "உங்க விடுதியிலதான் சார் வெந்நீர் எப்ப வராதுன்னு ஒழுங்காப் போட்டிருக்கு"ன்னு ஒரு அம்மா சொல்லிட்டுப் போறா. ஒங்க மைனி அங்கன நின்னு சிரிக்கா. எனக்கு இது நல்லதா கெட்டதான்னே தெரியல.

நான் எழுத வந்தது வேற. நாலு நாளா நிலவரத்துல ஐந்தருவியக் காணும். பேரருவி இருக்கு, பழைய குற்றாலம் இருக்கு, ஐந்தருவி மட்டும் 'தகவல் இல்லை'ன்னு போட்டிருக்க. காலையில ஆறரையில இருந்து போன் மேல போன். ஏன் எழுதல? ஒடனே எழுது.

பால்வண்ணநாதன்


தென்காசி
14.06.2025

அண்ணாச்சி அவர்களுக்கு,

நாள்தோறும் காலை ஆறரைக்குத் தாங்கள் தளத்தைத் திறந்து வாசிக்கிறீர்கள் என்பதைத் தங்கள் கடிதத்தால் அறிந்தேன். சென்ற ஆண்டு முழுவதும் ஒரு நாளும் அது நிகழவில்லை.

பேரருவியில் எனக்குக் கண்ணாக இருப்பவர், அங்கே வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வேல்சாமி. பழைய குற்றாலத்துக்கு அங்கே தேநீர்க்கடை வைத்திருப்பவர். ஐந்தருவிக்கு, அங்கே கூடையில் பழம் விற்கும் இசக்கிமணி. ஜூன் எட்டாம் தேதி விடுதி வாசலில் விற்க வந்திருந்த அவளுடைய கூடை வழியை மறைத்ததென்று தங்கள் காவலாளி அதை எத்திவிட்டார். மங்குஸ்தான் பழம் சாலை முழுவதும் உருண்டு, கார்ச் சக்கரத்தில் நசுங்கியது. தாங்கள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றீர்களாம். மறுநாள் காலையில் அவளை அழைத்தேன். "ஒங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. ஆனா அந்த அண்ணாச்சி விடுதிக்கு நான் இனி ஒரு வார்த்த சொல்லமாட்டேன். அஞ்சு கிளையும் சேந்து ஊரையே அடிச்சிட்டுப் போனாலும் சொல்லமாட்டேன்" என்றாள். அவளை நான் வற்புறுத்தவில்லை. அக்கோபத்தின் அருமை எனக்குத் தெரியும்.

யாரும் நேரில் பார்க்காததை இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். தென்காசியிலிருந்து அந்நேரத்தில் நான் வந்து பார்த்துத் திரும்பி எழுதவும் இயலாது. ஆகவே இக்கடிதம் கிடைத்த மறுநாள் முதல், காலை ஆறு மணிக்குத் தாங்கள் நேரில் ஐந்தருவிக்குச் செல்லவும். ஐந்து கிளைகளில் எத்தனையில் நீர் விழுகிறது, காவலர்கள் தடை விதித்திருக்கிறார்களா, பெண்கள் பக்கம் கூட்டம் எவ்வளவு என்று நின்று பார்த்து எனக்குச் சொல்லவும். தங்கள் எண்ணுக்கு நான் விதித்த தடை, நாள்தோறும் ஆறு பத்து முதல் ஆறு இருபது வரை மட்டும் விலக்கப்படும். அந்தப் பத்து நிமிடத்தில் நலம் விசாரிக்க வேண்டாம்.

தாங்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுவேன். அதன் அடியில் 'ஐந்தருவியை நேரில் கண்டவர்: பால்வண்ணநாதன்' என்று பெயரும் இடுவேன். படுக்கையில் படுத்தபடி எதையாவது சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் தோன்றக்கூடும். அந்நாளில், அதை நம்பி எவளாவது அறுவை செய்த முழங்காலோடு பேருந்து ஏறுவாள் என்பதையும், யாரைத் திட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்க.

மழையானாலும் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கு இல்லை.

முத்துவடிவு